நோயுற்ற பூச்சியிலிருந்து தொடங்குவோம்

பூச்சி வைரஸ் ஆய்வுக்கு வரும் இளைஞர்கள் இன்று முதலில் பழகுவது மரபணு வரிசைகளோடுதான். அந்தத் திறமை வேண்டும். ஆனால் நோயுற்ற பூச்சியைக் கண்டறியும் பயிற்சி அதற்கும் முன்னால் வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. தென்னையின் காண்டாமிருக வண்டுக்குரிய வைரஸ் கிடைத்த வழியே இதற்குச் சான்று. இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு 1909இல் சமோவாவை அடைந்த அந்த வண்டு, பசிபிக் தீவுகளின் தென்னைகளைச் சூறையாடியது. வண்டின் தாயகப் பகுதியில் அதை அடக்கி வைக்கும் நோய் ஏதும் உண்டா என்று தேடி, ஜெர்மானியப் பூச்சி நோயியலாளர் அலோயிஸ் ஹூகர் 1963இல் மலேசியா சென்றார். வைரஸ்தான் வேண்டும் என்ற முன்முடிவு அந்தத் தேடலில் இல்லை. உடல் ஊதி, கண்ணாடி போல் ஒளி ஊடுருவிய புழுக்களே அவரை வைரஸிடம் கொண்டு சேர்த்தன. மற்றப் பூச்சிகளில் பரவலாக அறியப்பட்டிருந்த வைரஸ்களைப் போல இதற்குப் புரதப் படிக உறை இல்லை. வெளிச்சூழலில் விரைவில் செயலிழந்துவிடும். தெளிப்பு மருந்தாக்க உதவாத இந்த வைரஸ், வளர்ந்த வண்டின் நடுக்குடலில் பெருகி எச்சத்தோடு வெளியேறுகிறது என்பது வண்டுகளை அறுத்துப் பார்த்ததால் தெரிந்தது. நோயுற்ற வண்டே பறந்து சென்று நோயைப் பரப்பும் என்ற அந்தப் புரிதல்தான் மிக முக்கியமானது. 1967இல் சமோவாவில் வைரஸ் விடப்பட்டது. தென்னைச் சேதம் வெகுவாகக் குறைந்தது.

அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்வோர் உண்டு. 2016இல் வெளிவந்த ஒரே ஆய்வு, முதுகெலும்பற்ற 220க்கும் மேற்பட்ட உயிரினங்களின் ஆர்என்ஏ வரிசைகளை அலசி 1,445 புதிய ஆர்என்ஏ வைரஸ்களைக் காட்டியது. அரிய சாதனை. ஆயினும் ஒரு வரிசை பூச்சிக்கே உரியதா, அது தின்ற உணவிலோ அதன் ஒட்டுண்ணியிலோ இருந்து வந்ததா, பூச்சிக்கு நோய் தருமா என்பவற்றை வரிசை மட்டும் சொல்லாது. ஹூகரின் வைரஸும் எல்லா இடத்திலும் பலிக்கவில்லையே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. 2007இல் குவாமில் காணப்பட்ட, அதே வண்டின் ஒரு வகை அதற்கு எளிதில் பணியவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பை வெளிப்படுத்தியதும் வண்டுக்கு வைரஸைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளே. ஆகவே புதிய வைரஸ் வரிசைகளை அறிவிக்கும் ஆய்வாளர்கள், இயன்ற இடத்திலெல்லாம் உயிருள்ள பூச்சியில் நோய் உண்டாக்கிப் பார்த்த முடிவுகளையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.