கர்ணம் எதுன்னு தெரியாம சூத்திரம் எதுக்குங்க?



அந்த ஃபார்வர்டு மறுபடியும் சுற்றுக்கு வந்துவிட்டது. பித்தாகரசுக்கு முன்பே போதையனார் என்ற தமிழ்ப் புலவர் கர்ணத்துக்கு வழி சொல்லிவிட்டாராம். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாமாம். ஓடும் நீளத்தை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளி, உயரத்தில் பாதியைக் கூட்டினால் போதுமாம். எனக்கு அனுப்பியவர்களில் இன்ஜினியர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதில் காட்டும் உதாரணங்களைக் கவனியுங்கள். நீளம் 4, உயரம் 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. நீளம் 12, உயரம் 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. சரிதான். ஆனால் 15, 8 போட்டுப் பாருங்கள். 17 வர வேண்டிய இடத்தில் 17.125 வருகிறது. 24, 7 போட்டால் 25-க்குப் பதில் 24.5. இருபடிச் சமன்பாடு அமைத்துத் தீர்த்தால் தெரியும், இந்த வழி மிகச் சரியாக வருவது 4:3, 12:5 என்ற இரண்டே விகிதங்களுக்குத்தான். மற்றதெல்லாம் தோராயம்.

தோராயம் தப்பில்லை, கண்மதிப்புக்கு உதவும். ஆனால் அதைத் தேற்றம் என்று சொல்லக் கூடாது. நம் ஊர்க் கொத்தனார் 3, 4, 5 அடி அளந்து மூலைமட்டம் பிடிப்பது தேற்றம். 30-க்கு 40 மனையில் இந்த ஃபார்வர்டு கணக்கும் 50 என்று சரியாகவே வரும். 40-க்கு 60 மனைக்கு 72 அடி 6 அங்குலம் என்று சொல்லும். உண்மையான மூலைவிட்டம் 72 அடியும் ஒன்றே கால் அங்குலமும்தான். நாலரை அங்குலத்துக்கு மேல் பிசகு. மூலை மட்டம் போய்விடும்.

இதைவிட எனக்குப் பெரிய வருத்தம் வேறு. இந்த வழி பக்கங்களைப் 'படுத்திருப்பது', 'நிற்பது' என்று பிரிக்கிறது. 24 அடிச் சுவரில், 7 அடி தள்ளி ஏணியை ஊன்றுங்கள். ஓடும் நீளம் 7, உயரம் 24 என்று அப்படியே போட்டால் ஏணி 18 அடி சொச்சம்! வேண்டியது 25 அடி. பித்தாகரஸ் தேற்றத்தில் இந்த வம்பே இல்லை. எது படுத்திருக்கிறது, எது நிற்கிறது என்று அது கேட்பதில்லை. செங்கோணம் எங்கே என்று மட்டும்தான் கேட்கும்.

பிள்ளைகள் திணறுவதும் இதே இடத்தில்தான். கரும்பலகையில் எப்போதும் செங்கோணத்தை இடது கீழ்மூலையில் வரைந்து, சாய்ந்த கோடு கர்ணம் என்று பழக்கிவிடுகிறோம். படத்தைத் திருப்பிக் கொடுத்தால் குழந்தை விழிக்கிறது. முக்கோணம் ஏபிசி-யில் ஏ-யில் செங்கோணம். ஏ-யிலிருந்து பிசி-க்குச் செங்குத்து ஏடி. இப்போது மூன்று செங்கோண முக்கோணங்கள். பெரியதில் ஏபி சாதாரணப் பக்கம், ஏபிடி-யில் அதே ஏபி கர்ணம். கோடு மாறவில்லை, நாம் பார்க்கும் முக்கோணம்தான் மாறியது. இது பிடிபடாதவனுக்கு முக்கோணவியலில் எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் கடைசிவரை குழப்பம்தான்.

பெருமை பேச வேண்டுமா? தாராளமாகப் பேசுங்கள். வடமொழியில் உள்ள போதாயன சுல்ப சூத்திரம் செவ்வகத்தின் மூலைவிட்டத்தை வைத்து இந்தத் தேற்றத்தையே சொல்கிறது. அது தரும் எண் ஜோடிகளில் 15, 8-ம் உண்டு, 7, 24-ம் உண்டு. இரண்டிலும் இந்த ஃபார்வர்டு கணக்கு தோற்கிறது. ஒரு தோராயத்தைத் தூக்கிப் பிடித்து நம் பெயரை நாமே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த தடவை இது வந்தால் அனுப்பாதீங்க கண்ணுகளா. வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு செங்கோண முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்து கொடுங்கள். செங்கோணத்தை முதலில் தொடச் சொல்லுங்கள். அதற்கு எதிரே இருப்பதுதான் கர்ணம். சூத்திரமெல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கலாங்க.