சிற்றுருவிலும் காலவழு வேண்டா

இருப்புப்பாதை மாதிரி அமைத்தலைச் சிறுவர் விளையாட்டு எனக் கருதுவோர் நம்மிடையே பலர். மேசைமேல் தண்டவாளம், கையளவு எஞ்சின், பக்கத்தில் நான்கு வீடுகள். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்தம் வினா. ஆயின், அம்மேசையில் 'சேலம் சந்திப்பு' என்று பெயர்ப்பலகை நட்ட அக்கணமே விளையாட்டு வரலாறாகிறது. அதற்குரிய பொறுப்பும் உடன் வந்து சேர்கிறது. ஓர் ஆண்டைத் தேர்ந்து அதில் உறுதியாக நிற்றலே அப்பொறுப்பின் முதற்படி என்பது எம் கருத்து.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். மரமும் பறவையும் தொழிலும் ஆகிய கருப்பொருள்கள் அவற்றைச் சார்ந்தே அமைவன. நன்னூல் கூறும் எழுவகை வழுக்களுள் காலவழுவும் ஒன்று. 'நாளை வந்தான்' என்னும் தொடர் செவியை உறுத்துவதுபோல், காலம் பிறழ்ந்த மாதிரி கண்ணை உறுத்தும்.

நம் மண்ணையே சான்றாகக் கொள்வோம். சேலத்திற்கு இருப்புப்பாதை வந்தது 1861-இல். விருத்தாசலம் செல்லும் மீட்டர் கேஜ் பாதை பின்னாளில் அமைந்தது. 2007 அளவில் அது அகலப் பாதையாக மாறியது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். அந்நகர் இரயிலைக் கண்டதோ 2013-இல்தான். எனவே 1995-ஆம் ஆண்டைத் தேர்ந்தவர் சேலத்தில் இருவகைப் பாதைகளையும் காட்டவேண்டும். நாமக்கல்லுக்குத் தண்டவாளம் இடலாகாது. 'நாமக்கல் மாவட்டம்' என்னும் பலகையும் ஆகாது. 2015-ஐத் தேர்ந்தவர்க்கு இவையனைத்தும் தலைகீழாகும். மீட்டர் கேஜ் வண்டியையும் நாமக்கல் வண்டியையும் ஒரே மேசையில் ஓடவிடின், எவரும் கண்டிராத நாளொன்றையே படைத்தவராவோம்.

அளவிலும் இவ்வுண்மை வேண்டும். மேலைநாடுகளின் 1435 மி.மீ. பாதையை 87-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 16.5 மி.மீ. வரும். 'எச்.ஓ.' என்று விற்கப்படும் தண்டவாளம் அதுவே. நம் அகலப் பாதை 1676 மி.மீ.; அதே விகிதத்தில் 19 மி.மீ.க்குச் சற்று மிகும். மீட்டர் கேஜோ 11.5 மி.மீ. அளவே. இரண்டையும் 16.5-இல் ஓட்டினால், பயணி வண்டி மாறியதும், சரக்கு இறக்கி ஏற்றப்பட்டதும் எதனால் என்பது விளங்காமற் போகும். எல்லா வண்டிகளும் அன்றுதான் வண்ணம் பூசியவைபோல் மின்னுவதும் பொய்யே. புழுதியும் துருவும் எண்ணெய்க் கறையும் இருப்புப்பாதையின் கருப்பொருள்கள் அல்லவா?

'கற்பனைக்கு இடமில்லையா?' எனச் சிலர் வினவலாம். தாராளமாக உண்டு. அதற்குக் கற்பனை ஊரின் பெயரை இடுக! உண்மை ஊரின் பெயரைத் தாங்கிய பின் உண்மைக்குக் கட்டுப்படுதலே முறை.

ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இங்கிலாந்து சென்ற ராய் இங்லண்ட் என்பார், பழைய கிராமத்து வீடுகள் உருமாறி அழிவதைக் கண்டு வருந்தி, அவற்றை அளந்து சிற்றுருவாக்கத் தொடங்கினார். அவர் 1954-இல் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகம் 1920, 30-களின் சிற்றூர்களையும் இரயில்களையும் இன்றும் காட்டி நிற்கிறது. கட்டடங்கள் மறைந்தன, சான்று எஞ்சியது.

சேலத்து மீட்டர் கேஜுக்கு அத்தகைய சான்று வேண்டாவா? அப்பாதையில் பணியாற்றியோரும் பயணித்தோரும் நம் இல்லங்களிலேயே முதுமையடைந்து வருகின்றனர். எந்த எஞ்சின் இழுத்தது, பெட்டியின் நிறம் யாது, கைகாட்டி மரம் எங்கு நின்றது, நடைமேடையில் என்ன விற்றது என்பனவற்றை ஏட்டினும் அவர்தம் நினைவே மிகுதியாகச் சுமந்துள்ளது.

மாணவச் செல்வங்களே! மாதிரி செய்யப் பொருள் இல்லையெனினும் குறிப்பேடு ஒன்று போதும். ஓர் ஆண்டைத் தேர்ந்து, ஒரு நிலையத்தைத் தேர்ந்து, பெரியோரிடம் கேட்டு எழுதுங்கள். பெரியோர்களே! பிள்ளைகள் வினவும்போது 'அந்தக் காலத்தில்' என்று பொதுப்படக் கூறாது, ஆண்டைச் சொல்லித் தொடங்குங்கள். தண்டவாளம் பின்னர் வரட்டும். காலம் முதலில் அமையட்டும்.