நாலு காலும் தரையில்



விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே இருக்கிற மங்கலம்பேட்டையிலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நம் இதழின் தொடர்கதையைக் குறை சொல்லி அல்ல, வீட்டு நாயைப் பற்றி. குட்டியாக எடுத்து வந்த நாட்டு நாய்க்கு இப்போது ஒன்பது மாதம். வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் ஓடிவந்து முன்னங்கால் இரண்டையும் அவர் மார்பில் வைத்துவிடுகிறதாம். உறுமல் இல்லை, கடி இல்லை. சந்தோஷம் தாங்காமல்தான் பாய்கிறது. ஆனால் மாமியார் முன்வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார். போன வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு பாயின் வெள்ளைச் சட்டையில் சேற்றுக்கால் பதிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் திரும்பிப் போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாராம். "திட்டியிருந்தால்கூடத் தேவலை" என்று எழுதுகிறார் வாசகி. "கட்டியே போடுவதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா, சொல்லுங்கள்" என்று முடிக்கிறார்.

இரண்டும் வேண்டாம், அம்மா. உங்கள் வீட்டுக் கதை இன்றைக்குப் பல வீட்டுக் கதை. அதனால் பதிலை இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

முதலில், அது ஏன் பாய்கிறது? ஓநாய்க் கூட்டத்தில் இரை தேடிப் போன பெரியவை திரும்பி வரும்போது, குட்டிகள் ஓடிப்போய் அவற்றின் வாயோரத்தை நக்கும். பெரியவை வயிற்றிலிருந்து இரையைக் கக்கி ஊட்டும். அந்தப் பரம்பரையில் வந்த நாய்க்கு, ஊட்டல் போய்விட்டாலும் முகத்தைத் தேடுகிற வரவேற்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் முகம் நம் முழங்கால் உயரத்தில். நம் முகமோ ஐந்தடிக்கு மேலே. எட்டிப் பிடிக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி பாய்ச்சல். திமிரும் இல்லை, நம்மை அடக்கப் பார்க்கிற எண்ணமும் இல்லை.

சரி, இயல்பாக வந்தது ஏன் பழக்கமாக ஊறிப்போனது? அதற்குக் காரணம் நாம். இரண்டு மாதக் குட்டி காலைப் பிடித்து ஏறியபோது "ஐயோ செல்லமே" என்று தூக்கிக்கொண்டோம். பாய்ந்தால் கொஞ்சல் கிடைக்கும் என்று அன்றே கற்றுக்கொண்டது. இன்று பாய்ந்தால் "ச்சீ, கீழ இறங்கு!" என்று கத்தி, இரண்டு கையாலும் தள்ளுகிறோம். நமக்கு அது கண்டிப்பு. நாயின் கணக்கில் பார்வை, பேச்சு, தொடுகை மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டன; தள்ளுவதுகூட விளையாட்டுதான். பலன் தந்த செயல் நிலைக்கும், தராத செயல் தேயும் என்று எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க ஆய்வாளர் பூனைகளைப் பெட்டியில் அடைத்துப் பார்த்துச் சொன்னது 1898-ல். நம் வீட்டு வாசலில் தினமும் நடப்பது அதுதான்.

ஆகவே வைத்தியமும் அங்கேதான் தொடங்குகிறது. பாய்ந்தால் எதுவும் கிடைக்கக் கூடாது. நாலு காலும் தரையில் இருந்தால் எல்லாம் கிடைக்க வேண்டும். பாய்கிற கணத்தில் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிச் சும்மா நில்லுங்கள். பேச்சு வேண்டாம், பார்வை வேண்டாம், தள்ளவும் வேண்டாம். கால்கள் தரையைத் தொட்ட நொடியில், தாமதிக்காமல், தீனியைத் தாழ்வாகக் கொடுத்துத் தாடைக்குக் கீழே தடவுங்கள். கையை உயர்த்திக் காட்டினால் மறுபடி பாயும். இப்படிக் கொடுக்கும்போது நீட்டுவது அதன் முகத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

பாயக் கூடாது என்று மட்டும் சொன்னால் போதாது, பதிலுக்கு என்ன செய்வது என்றும் நாய்க்குத் தெரிய வேண்டும். உட்காரச் சொல்லிக் கொடுங்கள். ஒரு தீனித் துண்டை மூக்கருகே காட்டி, மெல்ல நெற்றிக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டுபோனால் தலை நிமிரும், பின்பகுதி தானாகத் தரையில் அமரும். அமர்ந்ததும் கொடுங்கள். உட்கார்ந்திருக்கிற நாயால் பாய முடியாது. இந்த வித்தையின் மொத்தமும் அவ்வளவுதான்.

தீனிக்கு விலை உயர்ந்த பாக்கெட் தேவையில்லை. டீக்கடைப் பாட்டிலில் இருக்கிற பொறை, உப்பில்லாமல் அவித்த கோழி, முட்டைத் துண்டு போதும். விரல்நுனி அளவு கிள்ளிக் கொடுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம், வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம்.

இனி கஷ்டமான பகுதி. அது நாய்க்கு அல்ல, நமக்கு. நீங்கள் முகம் திருப்பி நிற்கிறீர்கள். சாயங்காலம் வேலையிலிருந்து வருகிற உங்கள் வீட்டுக்காரர் "விடு, பாவம்" என்று அள்ளிக்கொள்கிறார். பத்துத் தடவையில் ஒரு தடவை கிடைத்தாலும் போதும், நாய் பாய்ச்சலை விடாது. புறாக்களை வைத்து உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1957-ல் வெளியிட்ட நூல் காட்டியதும் இதைத்தான்: எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது கிடைக்கிற பலன்தான் பழக்கத்தை மிக ஆழமாக ஊன்றுகிறது. லாட்டரிச் சீட்டு நம் மாநிலத்தில் எத்தனை குடும்பங்களைப் பிடித்து ஆட்டியது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எப்போதோ விழுந்த ஒரு சின்னப் பரிசுதான் அடுத்த நூறு சீட்டை வாங்க வைத்தது.

ஆகவே நாய்க்குப் பாடம் எடுப்பதற்கு முன் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். சொல்லுகிற சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும்; ஒருவர் "உட்காரு", ஒருவர் "சிட்", ஒருவர் "சும்மா இரு" என்றால் அது யார் பேச்சைக் கேட்கும்? இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். பலனை நிறுத்திய முதல் நாட்களில் பாய்ச்சல் குறையாது, கூடும். இன்னும் உயரமாகப் பாயும், குரைக்கும், துணியைப் பிடித்து இழுக்கும். இதுவரை பலித்த தந்திரம் ஏன் பலிக்கவில்லை என்று முட்டிப் பார்க்கிறது. பல வீடுகள் தோற்பது இந்த இடத்தில்தான். "இது சரிப்படாது" என்று அன்றைக்கு விட்டுக்கொடுத்தால், அதிகம் பாய்ந்தால்தான் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம்.

வயதும் ஒரு காரணம். நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷர் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட நாய்கள் எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொல்லுக்கு முன்போல மசியவில்லை. அதே சொல்லை வேற்றாள் சொன்னபோது அந்த முரண்டு இல்லை. பதின்வயதுப் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். உங்கள் ஒன்பது மாதக்காரன் அந்தப் பதின்பருவத்தின் நடுவில் இருக்கிறான். இந்தப் பருவம் கடந்துபோகும். அதற்குள் அவன் எதைப் பழகிக்கொள்கிறான் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

"நாலு போடு போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். மார்பில் முட்டியால் இடிப்பது, பின்னங்காலை மிதிப்பது, செருப்பால் அடிப்பது எல்லாம் ஊரில் நடக்கிற வைத்தியம்தான். 1960-களில் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் என்ற பெண்மணியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். டால்பினைக் கயிறு கட்டி இழுக்க முடியாது, அடித்தால் நீந்திப் போய்விடும். சரியாகச் செய்த கணத்தில் ஒரு விசில், உடனே ஒரு மீன். இந்த இரண்டை மட்டும் வைத்து அவற்றுக்கு வித்தைகள் கற்றுக்கொடுத்தார். அந்த முறையைத்தான் பின்னர் நாய்களுக்கும் கொண்டு வந்தார். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர் சங்கமும் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் வெகுமதி தந்து பழக்குவதையே பரிந்துரைத்தது. அடித்தால் பாய்ச்சல் நிற்கலாம். ஆனால் விருந்தாளி வந்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், நாளைக்கு விருந்தாளியைக் கண்டே சீறும். அன்பால் பாய்கிற நாயைப் பயத்தால் கடிக்கிற நாயாக மாற்றிக்கொள்வது நஷ்ட வியாபாரம்.

கட்டிப்போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். விருந்தாளி வரும் பத்து நிமிடம் கயிற்றைப் பிடித்துக்கொள்வது நல்லதே. நாள் முழுதும் சங்கிலியில் கிடப்பது வேறு. அப்படிக் கிடந்த இளநாய், மனிதர் அருகில் வந்தால் வெறிகொண்டு பாயாமல் என்ன செய்யும்? வெயில் ஏறுவதற்கு முன் வயல்வரப்பில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை கூட்டிப் போங்கள். பாதிப் பாய்ச்சல் அதிலேயே தணியும். நியாயமற்ற நேரத்துக்கு, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் கட்டி வைப்பதை 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வதை என்றே சொல்கிறது.

பாய்ச்சலில் விழும் நகக் கீறலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். "நம்ம நாய்தானே" என்று சுண்ணாம்பையோ காபித்தூளையோ அப்பிவிட்டுப் போகாதீர்கள். ரத்தம் வராத சிறு கீறலையும் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி தேவைப்படும் இரண்டாம் வகையில் வைத்திருக்கிறது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள். அங்கே ஊசிக்குக் காசு இல்லை. நாய்க்கும் மூன்று மாத வயதில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும் போட வேண்டும். பாய்கிற நாய் வளர்ப்பவர் அதற்கு ஊசி போடாமலும் இருந்தால், அது தெருவுக்கே செய்கிற துரோகம்.

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி, தன்னிடம் உள்ள விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராமல் காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த அளவுக்குப் போவானேன்? மூட்டு வலியோடு கோல் ஊன்றி வருகிற பெரியம்மா ஒரு பாய்ச்சலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், எந்த அபராதமும் அதைச் சரிசெய்யாது.

கடைசியாக, பக்கத்து வீட்டு பாய். நாயின் எச்சிலோ ஈர மூக்கோ உடையில் பட்டால் கழுவித் தூய்மை செய்த பிறகே தொழுவது முஸ்லிம்களில் பலர் கடைப்பிடிக்கிற நெறி. மாலை போட்டு விரதம் இருப்பவருக்கும், குளித்துக் கோயிலுக்குக் கிளம்பியவருக்கும் அவரவர் ஆசாரம் உண்டு. சிறு வயதில் கடிபட்டு, நாயைக் கண்டாலே உடம்பு நடுங்குகிறவர்களும் உண்டு. "ஒன்றும் பண்ணாது, வாங்க" என்று நாம் சிரிப்பது அவர்களுக்கு ஆறுதல் ஆகாது. பழக்குவதற்கு நாய் பிடித்த உறவினரையும் பிள்ளைகளின் சிநேகிதர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் நெருங்கும்போது நாய் பாய்ந்தால் ஓர் அடி பின்வாங்கட்டும், உட்கார்ந்தால் வந்து தடவட்டும். பாயையும் மாமியாரையும் ஒத்திகைக்கு இழுக்காதீர்கள்; அவர்கள் வரும்போது கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். நாயைப் பிடிக்காதவரும் நம் வாசலில் நிம்மதியாக நிற்கலாம் என்ற நிலை வந்தால்தான் நாம் நாய் வளர்க்கத் தெரிந்தவர்கள்.

உங்கள் வீட்டு நாயை நீங்கள் பழக்கிய விதத்தையும், வீட்டில் யாரைப் பழக்குவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். நல்ல கடிதங்களை வெளியிடுவோம். மங்கலம்பேட்டை அம்மாவின் அடுத்த கடிதத்துக்கும் காத்திருக்கிறேன். அதில் முதல் செய்தி மாமியாரைப் பற்றியதாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்