விட்டுப்போன தடுப்பூசி... மறுபடியும் முதலில் இருந்தா?

'ஊருக்குப் போனதில் பத்தாவது வார ஊசி விட்டுப்போச்சு. இனி முதல்ல இருந்து போடணுமா?' - இளம் அம்மாக்கள் பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது.

வேண்டாம். 6, 10, 14-வது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட்டில் ஒன்று தவறினால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். லேசான சளி, இருமலுக்காகத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. இந்த ஊசி தடுக்கும் கக்குவான் இருமல், கைக்குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து. அதனால் தாமதம் கூடாது.

ஃப்ளூ ஊசியின் கணக்கு வேறு. அரசின் இலவசப் பட்டியலில் இது இல்லை. 6 மாதம் முடிந்ததும் போடலாம். முதல்முறை 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ். பிறகு வருடத்துக்கு ஒன்று. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், போன வருட ஊசி இந்த வருடத்துக்குப் போதாது.

'இவ்வளவு லேட்டா வர்றீங்களே' என்று நர்ஸ் கடிந்துகொள்வாரோ என்று தயங்காதீர்கள். தடுப்பூசி அட்டையோடு நாளைக்கே கிளம்புங்கள்!