முடிந்துபோகும் சாலைகள்

சைக்கிள் மிதிக்கிறவர்களிடம் நல்ல சாலை எது என்று கேட்டுப் பாருங்கள். வழவழவென்ற தார் என்பார் ஒருவர், நிழல் என்பார் இன்னொருவர். என் பதில் வேறு. எந்தப் பெரிய ஊருக்கும் போய்ச் சேராத சாலைதான் நல்ல சாலை. நெடுஞ்சாலைகள் நாலுவழியாகிக்கொண்டிருக்கும் நம் மாநிலத்தில் அப்படிப்பட்டவை அதிகம் மிச்சமில்லை. மிஞ்சியிருப்பவற்றில் பல, ஆறு கடலில் கலக்கிற இடங்களில்தான் கிடக்கின்றன.

சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவே கொள்ளிடத்தைக் கடக்கிற பாலத்தில் நின்றால் பேச்சு காதில் விழாது. பஸ், லாரி, கார், அதற்குப் போட்டியாக ரயில். பாலத்தை விட்டுக் கிழக்கே திரும்பி ஆற்றங்கரையைப் பிடித்துவிட்டால், சற்று நேரத்திலேயே உங்கள் சைக்கிளின் செயின் சத்தம் உங்களுக்கே கேட்க ஆரம்பிக்கும். தென்கரையில் அளக்குடி, நாதல்படுகை, முதலைமேடுதிட்டு. வடகரையில் பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, திட்டுக்காட்டூர். ஊர்ப் பெயர்களிலேயே ஆறு இருக்கிறது. கரைக்கு உட்புறம் ஆற்றை ஒட்டிய நிலம் படுகை, தண்ணீர் சூழ்ந்த மேடு திட்டு. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் இவைதான். 2018-இலும் 2022-இலும் இந்த ஊர்க்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாம்களுக்குப் போனார்கள்.

கரை உயரமாக இருப்பதற்குக் காரணமும் அந்த வெள்ளம்தான். காவிரியில் மிஞ்சுகிற தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற வேலை கொள்ளிடத்துடையது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டிப் பாசனத்துக்கு வேண்டியதைத் தடுத்துத் திருப்பினார். மேட்டூர் நிரம்பி வழிகிற ஆண்டுகளில் அந்த அணைகளையும் தாண்டி வருவதெல்லாம் இந்தக் கரைகளுக்கு நடுவேதான் ஓடியாக வேண்டும். ஊரைக் காக்கப் போட்ட மண்கரையின் முதுகில், கொஞ்சம் தாரும் கொஞ்சம் சரளையுமாக ஒரு தடம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நெல் வயல். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத சமதரை. கடல் நெருங்க நெருங்க வயல் குறைந்து, உப்பேறிய தரிசும் இறால் குட்டைகளும் வரும்.

இங்கே ஏன் வண்டிகள் இல்லை? குறுக்கே தண்ணீர் இருப்பதால். முகத்துவாரத்தில் ஆறு ஒன்றாக ஓடுவதில்லை. கழியாகவும் வாய்க்காலாகவும் பிரிந்து போகிறது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு சுமார் 1,100 எக்டேருக்குப் படர்ந்து கிடக்கிறது. அதற்குள் எந்தச் சாலையை நீட்டினாலும் கடைசியில் தண்ணீரில்தான் முட்டும். ஒரு டீக்கடையில் வழி கேட்டபோது கடைக்காரர் சிரித்தார்.

“அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லீங்களே தம்பி. ரோடு அதோட முடிஞ்சிருது.”

“முடியட்டும்ண்ணே, அதுக்குத்தான் போறேன்” என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டீயை ஆற்றினார்.

சமதரை என்றதும் சுலபம் என்று நினைக்க வேண்டாம். மலைச்சாலையில் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும், எங்கே முடியும் என்றும் தெரியும். இங்கே ஏற்றம் காற்றில் இருக்கிறது, அதற்கு உச்சி கிடையாது. வேகம் கூடக் கூடக் காற்றின் தடை அந்த வேகத்தின் வர்க்கமாகக் கூடும். காற்றே இல்லாத காலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில், மணிக்கு 20 கிலோமீட்டரில் வீசும் எதிர்காற்றுக்குள் போனால் காற்றுத் தடை நான்கு மடங்கு. மறைந்துகொள்ள மேடும் கிடையாது, கட்டடமும் கிடையாது.

ஆனால் கடற்கரைக் காற்றுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். வெயில் ஏறித் தரை சூடானதும் முற்பகலுக்கு மேல் கடலிலிருந்து நிலத்துக்குத் திரும்பும். மீனவர்கள் பாய் விரித்த காலத்தில் இந்தக் கணக்கில்தான் போய்வந்தார்கள். சைக்கிளுக்கும் அதே கணக்கு பொருந்தும். விடியலில் கிழக்கே கிளம்பி, முகத்துவாரத்தில் ஓய்வெடுத்து, கடற்காற்று எழுந்த பிறகு திரும்பினால் இரண்டு பக்கமும் காற்று முதுகில்தான். பிப்ரவரி, மார்ச் இதற்கு ஏற்ற மாதங்கள். ஆனி, ஆடியில் இந்தக் கணக்கு செல்லாது. மேல்காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது வட்டியோடு வசூலிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சேறும். வீட்டில் இருப்பதே நல்லது.

கையில் வைத்திருக்க வேண்டியது தண்ணீரும் பஞ்சர் சாமானும். கரையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதன் முள் எந்த டயரையும் மதிக்காது. உப்புக் காற்று செயினைத் தின்னும் என்பதால், வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும்.

சாலை காலியாக இருக்கிறது என்று நாம் சொல்வது வண்டிகளைக் கணக்கில் வைத்துத்தான். உண்மையில் அது காலியாக இருப்பதில்லை. தை, மாசியில் சம்பா அறுவடையானதும் பாதிச் சாலை நெல்லாகிவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். காயவைக்கப் போதுமான களம் ஊரில் இல்லை. இருக்கிற ஒரே கெட்டித் தரை சாலைதான். நெல் போனதும் உளுந்தும் பயறும் வரும். மீனவர் குடியிருப்புகளை நெருங்கினால் கருவாடும் வலையும் இடம் பிடித்திருக்கும். காலை எட்டரை மணிக்கு அரசு கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டமாக வருவார்கள். பஸ் அரிதாக வருகிற ஊர்களில் பிளஸ் டூவை முடிக்க வைத்த வண்டி அது. ஹெல்மெட்டும் வழவழப்புச் சட்டையுமாக ஞாயிறன்று வருகிற நம்மைவிட இந்தச் சாலையின் உரிமை அவர்களுக்குத்தான் அதிகம். நெல்லைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது மரியாதை.

அதனால்தான் இந்த அமைதியை மெச்சும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. கொள்ளிட முகத்துவாரத்தில் கொடியம்பாளையம் என்று ஒரு தீவுக் கிராமம். 2020-இல் பிறந்த மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் பழையாறு துறைமுகம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சாலை வழியாகத் தங்கள் சொந்த மாவட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரர்கள் கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்து, சிதம்பரத்தைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்த பெண்ணிடம் போய் முடிந்துபோகும் சாலையின் அழகைப் பேச முடியாது. அவர்களுக்குப் பாலம் வேண்டும். அதை மறுக்க சைக்கிள்காரனுக்கு வாய் கிடையாது.

ஆனால் பாலம் என்பது ஒன்று, கரையின் மேல் லாரி ஓடுவது என்பது வேறு. மண்ணை அணைத்துக் கட்டிய கரை பாரவண்டிகளுக்காகப் போட்டதல்ல. மணல் லாரியும் செங்கல் லாரியும் தொடர்ந்து ஏறினால் மேல்தளம் குழிந்து, அந்தக் குழியில் மழைத் தண்ணீர் இறங்கி, சரிவை அறுக்கும். பலவீனப்பட்ட இடத்தை வெள்ளம் தேடி வந்து உடைக்கும். 2018-இல் அளக்குடியில் கரை அரித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்களுக்கு ஒரு கரையின் விலை தெரியும். நமக்கு வேண்டிய அமைதியும் ஊருக்கு வேண்டிய பாதுகாப்பும் இந்த ஓர் இடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

ஆகவே நீர்வளத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்களை இணைக்கும் பாலங்களைக் கட்டுங்கள். பாரவண்டிகளுக்குக் கரையை விட்டு விலகி உள்ளே வேறு சாலை போடுங்கள். கரையில் ஏறும் இடங்களில் லாரி நுழையாதபடி பூட்டுப் போட்ட குறுக்குக் கம்பி வையுங்கள்; வெள்ளக் காலத்தில் மீட்பு வண்டிகளுக்காகத் திறக்கச் சாவி ஊராட்சியிடம் இருக்கட்டும். கொள்முதல் நிலையங்களுக்குப் பக்கத்தில் நெல் காயக் களம் கட்டிக் கொடுங்கள். மிச்சமிருக்கும் கரைத் தடத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு விட்டுவிடுங்கள். பாலத்துக்கும் சாலைக்கும் களத்துக்கும் பணம் வேண்டும்; ஆனால் கரையை லாரிகளிடமிருந்து காக்கப் பெரிய திட்டமோ கோடிகளில் ஒதுக்கீடோ தேவையில்லை. சில கம்பிகளும் ஓர் அரசாணையும் போதும்.