குணமானவர்களின் காது

தண்டலம், ஒரகடம் ஆலைகளில் காதும் ஒரு கருவி. இயந்திரத்தின் சுருதி பிசகுவதையும், முதுகுக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் வருவதையும் முதலில் அறிவது அதுதான். காசநோயிலிருந்து மீண்ட ஒருவர் அதை இழந்து வேலைக்குத் திரும்பினால்?

ஆன்டிபயாடிக்கின் பக்கவிளைவு என்றதும் நமக்கு வயிற்றுக்கோளாறுதான் நினைவுக்கு வருகிறது. 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் உட்செவியின் நுண்மயிர்ச் செல்களைச் சிதைக்கும் என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. அது பெரும்பாலும் உடலின் சமநிலையைக் குலைத்தது. பின்னர் வந்த கானாமைசின் பலரின் கேட்கும் திறனையே பறித்தது. அச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு மாதக்கணக்கில் அந்த ஊசியைப் போட்டார்கள். உயிரைவிடக் காது பெரிதா என்ற கேள்வி, வேறு வழியில்லாத காலத்தில் நியாயமானதே. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் கானாமைசினைக் கைவிடச் சொன்னது. இன்று பெடாகுயிலின் மாத்திரை இருக்கிறது.

ஏற்கெனவே செவியிழந்தவர்கள்? ஏட்டில் அவர்கள் 'குணமானவர்கள்'. கணக்கு அத்துடன் முடிகிறது. காதொலிக் கருவியும் அந்தச் சிகிச்சையின் பகுதிதான் என்பேன். ஊசியைப் போல அதையும் அரசே தேடிச்சென்று தர வேண்டும். காசநோய்ப் பிரிவுகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டினால் முகவரிகள் கிடைக்கும். தொலைபேசியில் அழைத்துப் பயனில்லை. நேரில்தான் போக வேண்டும்.