கர்ணன் கையில் வாள், நம் கையில் மனு



மாரி செல்வராஜ் இயக்கத்தில் 2021 ஏப்ரலில் வந்த 'கர்ணன்' க்ளைமாக்ஸை நம்ம பசங்க இன்னும் ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க. எஸ்.பி. கண்ணபிரான் கழுத்தில் வாள் இறங்கும் அந்த ஒரு காட்சி. தியேட்டரில் விசில் பறந்த காட்சிதான், மறுக்கல. ஆனா அந்த வாளை எடுக்க வெச்சது எது?

பஸ் நிக்கல. அவ்வளவுதான்.

வலிப்பு வந்து நடுரோட்டில் கிடந்த தங்கச்சியைத் தாண்டி வண்டிகள் போய்க்கிட்டே இருந்துச்சு. செத்துப்போனவ முகமூடி போட்ட காட்டுப்பேச்சியா படம் முழுக்க ஊரைப் பார்த்துக்கிட்டே நிக்கிறா. பொடியன்குளம் கேட்டது ஒரு பஸ் ஸ்டாப். கிடைச்சது ஸ்டேஷனில் பெரியவர்களுக்கு அடி, ஊருக்கே லத்தி.

இது வெறும் கற்பனை இல்லை. 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். போலீஸ் ஊருக்குள் புகுந்து வீடு வீடாக அடித்து நொறுக்கியது. அங்கே எந்தக் கர்ணனும் வாளோடு வரல.

படத்திலும் வாளோடு கதை முடியல. ஏமன் தாத்தா தீயில் கருகிட்டார். கைக்கு வந்த சி.ஆர்.பி.எஃப். வேலை போச்சு. கர்ணனுக்கு வருஷக்கணக்கில் ஜெயில். ஊர் ஆடுறது அதுக்கப்புறம்தான். நம்ம ரீல்ஸில் இந்தப் பகுதி வர்றதே இல்லை, கவனிச்சீங்களா?

இப்ப நம்ம மாவட்டத்துக்கு வாங்க. தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர். 2023 ஜனவரி 30. பல பத்தாண்டுகளாக வாசலிலேயே நிறுத்தப்பட்ட பட்டியலின மக்கள், பொங்கல் பானையோடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். கலெக்டர் கூட நின்றார். போலீஸ் காவலுக்கு நின்றது. கொடியன்குளத்தில் வீட்டை உடைத்த அதே காக்கிதான்! இங்கே அதைக் காவலுக்கு நிறுத்தியது சட்டமும், கேட்பதை விடாத மக்களும்.

ஆனா கணக்கையும் பாருங்க. சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் 1947-லேயே வந்தாச்சு. அது தென்முடியனூர் வாசலைத் தாண்ட 76 வருஷம் ஆச்சு. சட்டம் தானா நடந்து வராது தோழர். நாமதான் கூட்டிட்டு வரணும்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு ஸ்பெஷல் பஸ் வந்து குவியும் ஊர் இது. உங்க ஊர் காலனி வாசலில் பஸ் நிக்குதா? நிக்கலைன்னா எழுதுங்க. பூட்டின கோயில், தனி டம்ளர், சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத ஊர், எதுவானாலும் ஊர் பேரோடு, போட்டோவோடு இன்பாக்ஸ் பண்ணுங்க. மனு எழுத நாங்க உதவுறோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் சேர்ந்தே போவோம். ரசீது நம்பரை வாங்காம திரும்ப வேண்டாம். பதில் வரலைன்னா அடுத்த திங்களும் போவோம்.

ஸ்டேட்டஸில் வாள் இருக்கட்டும். கையில் மனு இருக்கணும்.

– தகவல் தொழில்நுட்ப அணி, திருவண்ணாமலை

#கர்ணன் #தென்முடியனூர் #பஸ்_நிக்கணும்